தமிழுக்கு ஏழே முக்கால் கிலோபைட்

எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய கம்ப்யூட்டர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வங்கியிலும் ரயில்வே கவுண்டரிலும் பார்க்கிற மெல்லிய திரை நினைவுக்கு வரும். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். மங்கிய சந்தன நிறப் பெட்டி. கறுப்பு விசைகள். அவற்றுக்கு மேலே ஒரு வரிசை சிவப்பு விசைகள். விசைப்பலகை, பிராசசர், மின்சாரம் மாற்றும் பகுதி, ஸ்பீக்கர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே. திரை மட்டும் தனி. பெயர் பிபிசி மைக்ரோ.

லண்டன் பிபிசியேதான். தமிழோசை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1980களின் தொடக்கத்தில் மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க பிபிசி ஒரு டி.வி. தொடர் தயாரித்தது. தொடரோடு சேர்த்து ஒரு இயந்திரமும் வேண்டும் என்று நினைத்தார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறிய நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவர்தான் அதில் முக்கியமானவர்கள். மாதிரி இயந்திரத்தை ஒரே வாரத்தில் இரவு பகலாக உட்கார்ந்து முடித்தார்கள் என்பது இன்றும் பேசப்படும் கதை. 1981 டிசம்பரில் அது விற்பனைக்கு வந்தது.

அது இந்தியாவுக்கு வந்தது 'கிளாஸ்' திட்டத்தில். 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் அது. முதல் ஆண்டில் சுமார் 250 பள்ளிகள். பிறகு படிப்படியாக நாடு முழுக்க மேல்நிலைப் பள்ளிகளுக்கு சுமார் 12,000 பெட்டிகள் போயின. சண்டிகர் பக்கத்து மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இதே இயந்திரத்தை உரிமம் வாங்கி 'யூனிகார்ன்' என்ற பெயரிலும் செய்தது.

அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்தது. அப்போது தேனி மாவட்டம் கிடையாது. தேவாரம் மதுரை மாவட்டத்தில் இருந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். கணக்கு வாத்தியார் என்பதால் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று வாரம். திரும்பி வரும்போது கையில் ஒரு கனமான புத்தகம். அதைப் படித்தபோதுதான் ஒரு இயந்திரம் என்பது எத்தனை விட்டுக்கொடுத்தல்களின் கூட்டு என்று புரிந்தது.

முதலில் நினைவகம். மொத்தம் 32 கிலோபைட். இன்றைக்குக் காலை வணக்கம் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிற ரோஜாப்பூ படம் 100 கிலோபைட் என்றால், மூன்றில் ஒரு பங்கு பூதான் அதில் அடங்கும். அந்த 32க்குள்தான் நாம் எழுதும் நிரலும் இருக்க வேண்டும், திரையில் தெரியும் படமும் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி குடித்தனம் மாதிரி. ஒருவர் கட்டிலைப் பெரிதாகப் போட்டால் மற்றவர் திண்ணைக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் திரைக்கு 0 முதல் 7 வரை எட்டு 'மோடு'கள் வைத்தார்கள். மிகத் துல்லியமான படம் வேண்டுமா, மோடு 0. திரைக்கே 20 கிலோபைட் போய்விடும். இயந்திரம் தன் சொந்த வேலைக்கு மூன்றரை எடுத்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது எட்டரை. எழுத்து மட்டும் போதுமா, மோடு 7. அதற்கு வெறும் 1 கிலோபைட்தான். நமக்கு இருபத்தேழரை மிஞ்சும். பள்ளிக்கூடத்துக்கு எது நல்லது? பயிற்சியில் சொன்னது மோடு 7. சந்தேகமே இல்லாமல்.

கெட்டிக்காரத்தனம் இல்லாமல் இல்லை. பிராசசரும் திரையும் ஒரே நினைவகத்தைப் பயன்படுத்தினால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டும். ஏகார்ன்காரர்கள் நினைவகத்தைப் பிராசசரைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார்கள். ஒரே கிணற்றில் இரண்டு பேர் மாறி மாறி வாளி இறக்குவதுபோல, ஒருவர் கயிறு இன்னொருவர் கயிற்றில் சிக்காது. அதற்குத் தக்க வேகமான சில்லுகள் அப்போது கிடைப்பதே அரிது. அதில் காசை இறக்கினார்கள். வேறு இடங்களில் பிடித்தார்கள்.

பிடித்த இடங்கள் சூட்டில் தெரிந்தன. பெட்டிக்குள் ஃபேன் கிடையாது. திரையைக் கவனிக்கும் சில்லு மிகவும் சூடாகும். அதன் முதுகில் ஒரு உலோகத் தகடு ஒட்டியிருக்கும். மின்சாரம் மாற்றும் பகுதியும் அதே பெட்டிக்குள் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்துக் குளிருக்கு அது பொருட்டில்லை. சித்திரை மாதத்தில், ஓட்டுக் கட்டடத்தில், நம் ஊர் மின்சாரத்தில்? எங்கள் ஊரில் அப்போது பம்பு செட்டுகள் ஓடத் தொடங்கினால் குண்டு பல்பு மூக்குத்தி மாதிரி மினுங்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் சுவிட்ச் போட்டதே இல்லை.

டி.வி. பெட்டியிலும் ஒரு சிக்கல். வழக்கமான டி.வி.யில் செருகிக்கொள்ளலாம் என்பது அந்த இயந்திரத்தின் பெருமை. ஆனால் அது அனுப்பும் அலை யு.எச்.எஃப். நம் பக்கம் வாங்கப்பட்ட டி.வி.க்களில் பெரும்பாலானவை வி.எச்.எஃப். மட்டும் பிடிப்பவை. ஆகவே தனித் திரை வேண்டியிருந்தது. ஒரு ஊருக்கு மலிவு, இன்னொரு ஊருக்குக் கூடுதல் செலவு.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது என்று நான் நினைத்தது எழுத்து.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். வாரம் ஒரு மணி நேரம். மூவர் மூவராக உட்கார வேண்டும். முதல் நாள் திரையில் ஆங்கிலத்தில் பெயர் அடிக்கச் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, "சார், தமிழ்ல வராதா?" என்றாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டு வழியாக மலைக்குப் போய், இருட்டின பிறகுதான் திரும்புவார்.

மோடு 7இல் வராது. காரணம் சுவாரசியமானது. அந்த மோடு இங்கிலாந்தின் டெலிடெக்ஸ்ட் சேவைக்காகச் செய்த ஒரு சில்லைக் கடன் வாங்குகிறது. எழுத்துகளின் வடிவம் அந்தச் சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும். 'ஏ' என்றால் இப்படி, 'பி' என்றால் இப்படி என்று. அதனால்தான் 1 கிலோபைட்டில் முடிகிறது. அந்த வடிவங்களை மாற்ற முடியாது. மலிவான அறை ஆங்கிலத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட அறை.

மற்ற மோடுகளில் நாமே எழுத்து வரையலாம். வி.டி.யு. 23 என்று ஒரு கட்டளை. எட்டுக்கு எட்டு கட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண். கட்டங்களின் மதிப்பு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரப்பிய கட்டங்களைக் கூட்டினால் வரிசையின் எண். 'ப' எழுத வேண்டுமா? இரண்டு பக்கச் சுவர், அதாவது 64ம் 2ம் சேர்ந்து 66. கீழே தரை, 126. ஆகவே 0, 66, 66, 66, 66, 66, 126, 0. இதைக் கரும்பலகையில் போட்டதும் அந்தப் பிள்ளை சொன்னாள்: "சார், இது நம்ம புள்ளிக் கோலந்தான?"

அதன்பிறகு இரண்டடிமான எண்களை நான் நடத்த வேண்டியிருக்கவில்லை. கட்டம் போட்ட நோட்டில் வகுப்பே எழுத்து வரைந்தது.

ஆனால் கோலத்துக்கு வாசல் போதவில்லை. நாமே வரையும் எழுத்துகளுக்கு அந்த இயந்திரம் வழக்கமாகக் கொடுப்பது 32 இடம். நம் எழுத்துகளைச் சிக்கனமாக எண்ணிப் பார்த்தோம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, உகர ஊகார வரிசை 36, கால், கொம்பு, சுழி, கொக்கி என்று 6, தனியாக நிற்கும் டி, டீ 2. ஆக 93. ஒரு கட்டளை கொடுத்தால் 32 இடத்தை 128 ஆக விரிக்கலாம். அதற்கு 768 பைட் விலை. சரி, கொடுத்தோம். அப்புறமும் இடித்தது. எட்டுப் புள்ளி அகலத்தில் 'ப', 'ட', 'ம' நன்றாக உட்காரும். 'ண'வும் 'ஞ'வும் 'ஐ'யும் உட்கார மாட்டா. அவற்றுக்கு இரண்டு இடம் தர வேண்டும். அப்படித் தந்தால் 'ஜ', 'ஸ' முதலியவற்றுக்கு இடமில்லை. வகுப்பில் பாதிப் பேருடைய பெயரில் 'ஜ'வோ 'ஸ'வோ இருந்தது!

நாங்கள் என்ன செய்தோம்? ஙு, ஙூ, ஞு, ஞூ நான்கையும் எடுத்துவிட்டோம். அரிச்சுவடிக்கு வெளியே அவற்றை யார் பார்த்தார்கள்? காலியான இடத்தில் ஜவும் ஸவும் வந்து உட்கார்ந்தன. இதுவும் ஒரு விட்டுக்கொடுத்தல்தான். ஆனால் எதை விடுகிறோம், யாருக்காக விடுகிறோம் என்று நாற்பது பிள்ளைகள் கூடிப் பேசி விட்டது.

திரைக்கு மோடு 6 எடுத்துக்கொண்டோம். அது 8 கிலோபைட் கேட்கும். ஆனால் வரிகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விடும். ஒரு வரியின் புள்ளி மேல் வரியின் காலில் இடிக்காது. மோடு 7ஐவிட 7 கிலோபைட் கூடுதல், எழுத்துக்கு முக்கால். ஆகத் தமிழில் எழுத ஏழே முக்கால் கிலோபைட். இருந்த இருபத்தேழரையில் கால் பங்குக்கும் மேல்.

பயிற்சியில் கூட இருந்த ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அவ்வளவு நினைவகத்தை வீணாக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு கணக்கு வாத்தியாரின் பதில் இது: எங்கள் பிள்ளைகள் எழுதிய எந்த நிரலும் 2 கிலோபைட்டைத் தாண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கும் அந்த ஏழே முக்கால், பூட்டிய அறை மாதிரி யாருக்கும் உதவாமல் கிடந்திருக்கும்.

அந்தப் பிள்ளை எழுதிய நிரல் நான்கு கேள்வி கேட்கும். எத்தனை நாள்? நாள் கூலி எவ்வளவு? முன்பணம் எவ்வளவு? கையில் கொடுத்தது எவ்வளவு? கடைசியில் 'பாக்கி' என்று ஒரு எண் வரும். ஒரு சனிக்கிழமை அம்மாவை அழைத்து வந்தாள். மலைக்குப் போகாத நாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெட்டியைத் தொடாமல் தள்ளியே நின்றார்.

23 நாள். 15 ரூபாய் கூலி. 120 ரூபாய் முன்பணம். கங்காணி கொடுத்தது 211. திரையில் வந்தது: பாக்கி 14.

அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "பா... க்... கி. நம்ம எழுத்துல்ல சாரு இது!" என்றார். பிறகு எண்ணைப் பார்த்தார். "அப்ப பதினாலு ரூவா எனக்கு வரணும்?"

இதைத் தாளிலும் போட்டுக் காட்டியிருக்கலாம். கணக்கு பெரிதில்லை. மகள் வீட்டில் பலமுறை சொல்லியும் இருந்திருக்கிறாள். ஆனால் மகள் சொன்னால் சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று போய்விடும். வாத்தியார் சொன்னால் கேட்டுக்கொள்வார், கங்காணியிடம் போய் நிற்க மாட்டார். இங்கே யாரும் சொல்லவில்லை. அவரே படித்தார். அடுத்த வாரம் மகள் சொன்னாள்: பத்து ரூபாய் வந்ததாம், நாலு ரூபாய் ஜீப் செலவில் கழிந்ததாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு பெட்டி இருந்தது. ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரி 24 அன்று வெளியிட்ட மேக்கின்டாஷ். அதில் திரையும் பெட்டிக்குள்ளேயே. 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 128 கிலோபைட் நினைவகம், ஒரே ஒரு ஃப்ளாப்பி. ஸ்டீவ் ஜாப்ஸுக்குச் சத்தம் பிடிக்காது என்பதால் ஃபேன் இல்லை. பிற்பாடு எதையும் சேர்த்துக்கொள்ள உள்ளே இடமும் வைக்கவில்லை. ஒரு ஃப்ளாப்பியை நகலெடுக்கத் தட்டை மாற்றி மாற்றிச் செருகிக் கை வலிக்கும் என்று அதை வைத்திருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் விட்டுக்கொடுத்தல்கள் குறைவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் மலிவான எழுத்து மோடு என்று ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்தானாலும் திரையில் புள்ளி புள்ளியாக வரைந்துதான் ஆக வேண்டும். திரை 512க்கு 342 புள்ளி. எப்போதும் 21,888 பைட். எல்லோரும் ஒரே வாடகை. ஆகவே அதில் தமிழ் எழுத்து வரைய ஆங்கிலத்தைவிடத் திரைக்குக் கூடுதலாக ஒரு பைட்கூட வேண்டாம். பிறகு வெளிநாட்டுத் தமிழர்கள் அந்த இயந்திரத்தில் ஆசையாய் எழுத்துரு செய்ததில் வியப்பில்லை. விலைதான் வேறு: 2,495 டாலர். அன்றைய மதிப்பில் 25,000 ரூபாய்க்கு மேல்; சுங்கம் தனி. நம் பள்ளிக்கு அது வந்திருக்காது. வந்த பெட்டிதான் நமக்குப் பெட்டி.

எங்கள் பெட்டியின் முடிவு சாதாரணமானது. மூன்றாம் வருடக் கோடையில் ஒரு நாள் சுவிட்ச் போட்டதும் வெளிச்சம் வரவில்லை. மின்சாரம் மாற்றும் பகுதி போய்விட்டது. பழுது பார்க்க ஆள் அனுப்பும்படி எழுதினோம். ஆள் வரவில்லை. மறுபடியும் எழுதினோம். ஒரு கடிதம் வந்தது, ஆள் வரவில்லை. பெட்டி அலமாரிக்குப் போனது, சாவி தலைமை ஆசிரியர் அறைக்குப் போனது. சில ஆண்டுகளில் கழிவுப் பொருள் பட்டியலில் ஒரு வரியானது. வெளியே தனியாக ஒரு மாற்றி இருந்திருந்தால் போடியில் ரேடியோ கடை வைத்திருந்தவரே நூறு ரூபாய்க்குள் சரிசெய்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்ததன் விலை அது. ஒன்று போனால் எல்லாம் போயிற்று.

அந்தப் பிள்ளை பத்தாவது முடித்தாள். நல்ல மதிப்பெண். அந்த ஜூனில் அவளும் அம்மாவோடு ஜீப்பில் ஏறினாள். கம்ப்யூட்டர் வந்ததால் ஒரு ஏழைக் குடும்பத்தின் தலையெழுத்தே மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பல வருடம் கழித்து, போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு இடத்தில் அவளைப் பார்த்தேன். முப்பது பெண்களுக்குக் கூலிக் கணக்கு எழுதுகிறவளாக இருந்தாள். கணக்கு தமிழில் இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் வரியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டமாம்.

தமிழுக்கான இடத்தை அதன்பிறகு பலர் சேர்ந்து பெரிதாக்கினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு செயலியைத் தொடங்கியிருந்தார். 1991இல் வந்த முதல் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. இன்று ஙு, ஙூ உட்பட எல்லா எழுத்தும் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. யாரும் எதையும் எடுத்துவிட வேண்டியதில்லை.

அந்த போனைப் பற்றி ஒரு செய்தி. பிபிசி மைக்ரோ செய்த அதே வில்சனும் ஃபர்பரும் அடுத்ததாக ஒரு புதிய பிராசசரை வடிவமைத்தார்கள். அதன் முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று உயிர் பெற்றது. அதைச் சோதித்தது எதில் தெரியுமா? ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். அந்தச் சில்லுதான் ஆர்ம். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் போனுக்குள் ஓடுவது அதன் வழிவந்ததுதான். அலமாரியில் செத்துக் கிடந்த பெட்டிக்கு இவ்வளவு பெரிய வம்சம்.

உத்தமபாளையம், கம்பம், போடி வட்டாரத்துப் பள்ளிகளில் பணியாற்றிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த அலமாரியிலாவது அந்தச் சந்தன நிறப் பெட்டி இன்னும் இருந்தால், ஆசையில் உடனே பிளக்கைச் செருகிவிடாதீர்கள். மின்சாரப் பகுதியில் இருக்கும் பழைய மின்தேக்கிகள் வெடித்து அறை முழுக்கப் புகை வரும். வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் மாற்றுவது அவற்றைத்தான். சில ரூபாய்ப் பொருள். ஊரில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பையன் யாராவது மாற்றிக் கொடுப்பான். பிறகு போட்டுப் பாருங்கள். கூடவே பழைய டேப் கேசட் ஏதாவது கிடந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாரோ ஒரு பிள்ளை கட்டம் கட்டமாக வரைந்த 'ஞ' அதில் இருக்கலாம்.